நாலு பேர், ஒரு கனவு, சம்பளம் மட்டும் இல்லை

ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எண்டால் ரெண்டு வயலின், வயலினை விடக் கொஞ்சம் பெரிய வயோலா ஒண்டு, இருந்துகொண்டு வாசிக்கிற பெரிய செலோ ஒண்டு. முன்னுக்கு நிண்டு கை காட்டி நடத்திற கண்டக்டர் இல்லை, எங்கட கச்சேரி மாதிரி நடுவில ஒரு வித்துவான், பக்கத்தில பக்கவாத்தியம் எண்ட கதையும் இல்லை. எந்த இடத்தில மூச்சு விடுறது, எவ்வளவு வேகமாப் போறது எல்லாத்தையும் நாலு பேரும் சண்டை பிடிச்சுத்தான் முடிவெடுக்கோணும், அதுவும் வருஷக்கணக்கா, அதே மூஞ்சியளோட.

எனக்கு இதில பிடிச்சது அமேடியஸ் குவார்ட்டெட்ட கதை. அதில மூண்டு பேர் ஹிட்லருக்குப் பயந்து வியன்னாவில இருந்து இங்கிலாந்துக்கு ஓடி வந்த யூதப் பெடியள், அங்க போனா பிரிட்டிஷ்காரன் எதிரி நாட்டு ஆக்கள் எண்டு பிடிச்சுக் கேம்பில போட்டுட்டான், அப்பிடிக் கேம்பில கிடந்த காலத்திலதான் இவைக்கு ஒருத்தரை ஒருத்தர் பழக்கமானது (எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை). 1948-ல லண்டன் விக்மோர் ஹோல்ல அந்தப் பேரில முதல் கச்சேரி. 1987-ல வயோலா வாசிச்ச பீட்டர் ஷிட்லொஃப் செத்துப்போக, மற்ற மூண்டு பேரும் வேற ஆளைத் தேடாமல் குழுவையே நிப்பாட்டிப் போட்டினம். ஜூலியார்ட் குவார்ட்டெட் நேரெதிர், 1946-ல தொடங்கினது, ஆக்கள் எல்லாம் மாறியும் பேர் இன்னும் ஓடுது. ரெண்டும் லட்சியம்தான், ஆனா என்ர மனசு அமேடியஸ் பக்கம்.

சரி, சாப்பாட்டுக்கு? எமர்சன் குவார்ட்டெட் 1976-ல இருந்து 2023 வரைக்கும் ஓடி ஒன்பது கிராமி விருது வாங்கினது, அவையே அமெரிக்காவில ஸ்டோனி புரூக் யூனிவர்சிட்டியில படிப்பிச்சவை. டக்காஷ் குவார்ட்டெட்டும் கொலராடோ யூனிவர்சிட்டியிலதான். கச்சேரிக் காசு கூடிக் குறையும், மாசச் சம்பளம் இருந்தாத்தான் நாலு பேரும் ஒரே ஊரில இருந்து தினம் ப்ராக்டிஸ் பண்ணேலும்.

கொழும்பில இல்லாதது அந்தச் சம்பளம்தான், திறமை இல்லை எண்டு ஆரும் சொல்லாதேங்கோ. சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா 1958-ல இருந்து இருக்குது, ஆனா வாசிக்கிற கனபேருக்குப் பகலில வேற வேலை. அக்காட மகனும் மூண்டு கூட்டாளிமாரும் குவார்ட்டெட் எண்டு சேர்ந்து இப்ப வாசிக்கிறது ஹோட்டல் வெடிங்குகளிலதான். கடற்கரைப் பக்கத்துப் புல்வெளியில ஃபங்ஷன் எண்டால் காத்துக்கு நோட்ஸ் பறக்கும், உடுப்புக் காயப்போடுற கிளிப் கொண்டு போய் ஸ்டாண்டில குத்தி வைப்பினம், ஒரு பக்கம் பிரட்டிறதுக்கு ரெண்டு கிளிப் கழட்டோணும், வில்லு வேற கையில. ஹைடன் எழுதின குவார்ட்டெட் இசை ஒண்டு வாசிப்பம் எண்டு தொடங்கினா மாப்பிள்ளைட மாமா வந்து "தம்பி, இளையராஜா ஒண்டு போடுங்கோவன்" எண்டுவார். போடுவினம், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

ஒரு ஸ்கூலோ யூனிவர்சிட்டியோ நாலு மியூசிக் டீச்சர் வேலையை ஒண்டாக் குடுத்து, பாதி நாள் படிப்பியுங்கோ மிச்சம் வாசியுங்கோ எண்டு சொன்னாக் காணும், கொழும்பு லயனல் வெண்ட் தியேட்டரில வருஷத்துக்கு நாலு கச்சேரி தாராளமா வைக்கலாம்.

இப்ப செலோக்காரப் பிள்ளைக்கு கனடா பிஆர் வந்திட்டுதாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் செலோ வாசிக்கிற ஆரும் இருந்தால் கீழ எழுதுங்கோ, சனிக்கிழமை பின்னேரம்தான் ப்ராக்டிஸ்.