ஐஸ் ஹவுஸிலிருந்து வால்டன் குளத்துக்கு

என் கல்லூரி திருவல்லிக்கேணிப் பக்கம். மூன்று வருடம் தினமும் ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில்தான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். கடற்கரையைப் பார்த்து நிற்கும் விவேகானந்தர் இல்லம் ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்துவைத்த கிடங்கு என்று தெரியும். அமெரிக்காவில் எந்த ஊர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன அக்டோபரில் வேலையாக பாஸ்டன் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது. அந்த ஐஸுக்காக வெட்டிய வால்டன் குளத்தைப் பார்க்க, பக்கத்து ஊரான கான்கார்டுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

முக்கால் மணி நேரப் பயணம். ரயில் வால்டன் குளத்தை ஒட்டியே போகிறது, ஆனால் அங்கே நிற்காது. கான்கார்டில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். இடையில் ஒரு பெரிய நெடுஞ்சாலை. அதை நடந்து கடந்த ஆள் அன்றைக்கு நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று இந்தக் குளத்தங்கரைக்குக் குடிவந்தார். நண்பரும் தத்துவ எழுத்தாளருமான எமர்சனின் நிலம். பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு வீடு, மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அரை சென்ட்டைக்கூட விடாமல் கணக்கு எழுதிய மனிதர்! வண்டி நிறுத்துமிடத்தின் அருகே அதே அளவில் ஒரு மாதிரி வீடு கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டில், மேஜை, அடுப்பு, மூன்று நாற்காலி. உள்ளே நாலு பேர் நின்றாலே இடித்துக்கொள்கிறோம்.

அந்த வீட்டுக்கான பலகைகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் என் மனதில் நின்றது. குளத்தோரம் தண்டவாளம் போட வந்த ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் குடிசையை நாலே கால் டாலருக்கு வாங்கிப் பிரித்திருக்கிறார். விடிகாலை ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் எதிரே வந்ததாம். படுக்கை, காபி அரைக்கும் மெஷின், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள், எல்லாம் ஒரே மூட்டையில். பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிட்டது. தோரோவே எழுதிவைத்ததுதான் இது. அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதவில்லை.

தோரோவை ஏதோ வனவாசம் போனவர் மாதிரி நினைத்திருந்தேன். அம்மா வீடு நடந்துபோகும் தூரம், அடிக்கடி போய்வருவார். அந்த அம்மாவையும் லேசாக நினைக்கக் கூடாது. அடிமைமுறையை ஒழிக்க கான்கார்டுப் பெண்கள் 1837-லேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். சிந்தியா தோரோவும் மகள்களும் அதில் இருந்தார்கள். ஊரில் தத்துவம் பேசிய ஆண்களின் பெயர்தான் உலகத்துக்குத் தெரிகிறது. அவர்களை மேடைக்குத் தள்ளியதில் இந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1846-இல் மெக்சிகோவோடு போர் மூண்டது. அமெரிக்கா மேற்கே விரிய விரிய அடிமைமுறையும் கூடவே விரியும் என்பது இவர்கள் பயம். இந்த அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்ற தோரோ அந்த ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். அதை வைத்து அவர் எழுதிய கட்டுரை காந்தி வரை வந்து சேர்ந்தது நமக்குத் தெரியும். கொஞ்ச நாளில், ஆகஸ்ட் 1 அன்று, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையான நாளைக் கொண்டாட அந்தப் பெண்கள் சங்கம் கூடியது இதே குளத்தங்கரை வீட்டு வாசலில்தான்.

வீடு இருந்த இடம் காட்டுக்குள் தள்ளி இருக்கிறது. கல்தூண்கள் நட்டுச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் வருகிறவர்கள் போட்டுப் போட்டுச் சேர்ந்த கற்குவியல். நானும் ஒன்று போட்டேன்.

சரி, ஐஸுக்கு வருவோம். அதே 1846-இன் குளிர்காலத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் ஆட்கள் இங்கே வந்து இறங்கினார்கள். கல்கத்தாவுக்கு 1833-லேயே கப்பலில் ஐஸ் அனுப்பிக் காட்டியவர் அவர். 180 டன் ஏற்றி, நாலு மாதம் கழித்து 100 டன் போய்ச் சேர்ந்தது. நம் ஐஸ் ஹவுஸும் அவருடைய வியாபாரத்துக்கு எழுந்ததுதான். வால்டனில் வெட்டியவர்கள் நூறு பேர், மறுபடியும் ஐரிஷ்காரர்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த தோரோவுக்கு ஒரே பரவசம். காலையில் கீதை படிக்கிறேன், அந்தப் பக்கம் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வேகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்கிற தோரணையில் எழுதுகிறார்.

நாம் குடித்தோமா? அவர் கணக்கே வேறு சொல்கிறது. ஏறக்குறைய பத்தாயிரம் டன் குவியல், வைக்கோலும் பலகையும் போட்டு மூடியது. அடுத்த ஜூலையில் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மிச்சம் கரையிலேயே கிடந்து 1848 செப்டம்பர் வரை உருகிக்கொண்டிருந்தது. பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே தோரோ வீட்டைக் காலி செய்துவிட்டார்.

தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். விரலெல்லாம் விறைத்துவிட்டது. நடுக்குளத்தில் ஒரு பாட்டி சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தார். மரங்களுக்குப் பின்னால் பாஸ்டன் ரயில் போகும் சத்தம் கேட்டது. நான் பிடிக்க வேண்டிய ரயில்.