அம்மாவின் எலும்பு: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 8, திங்கள்
ஆபரேஷன் முடிந்தது. தொடை எலும்பின் கழுத்து ஒடிந்த இடத்தில் இப்போது உலோக உருண்டை. என்னை உள்ளே விட்டதும் அம்மா கேட்டது, "மக்களே, தேங்கா வெட்ட ஆளு வந்தானா?"

ஜூலை 9
மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. "படுத்தே கெடந்தா எலும்பு இன்னும் கரைஞ்சிரும் அக்கா" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

ராத்திரி முழுக்க அதைப் பற்றியே வாசித்தேன். எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்களுக்குப் பாரம் தெரியும். பாரம் இல்லையென்றால் ஸ்க்ளீரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாக விடும். எலும்பு கட்டும் செல்களுக்கு அது நிறுத்தச் சொல்லும் உத்தரவு. அந்தப் புரதத்தின் மரபணு கட்டும் செல்லிலும் இருக்கிறது, ஆனால் அங்கே அதன் முகப்பில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டியிருப்பதால் வாய் திறப்பதில்லை. செல் முதிர்ந்து எலும்புக்குள் புதையும்போது மெத்தில் கழன்று மரபணு பேச ஆரம்பிக்கிறது. 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிவிடுகிற மாதிரி. எழுத்து அதேதான், ஒலி மட்டும் அடங்கிவிடுகிறது.

ஜூலை 10
சாரல். அம்மா தூங்கவில்லை.

ஜூலை 12
எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ரிசல்ட் வந்தது. டி-ஸ்கோர் மைனஸ் 3.4. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புப்புரை.

தம்பி குவைத்திலிருந்து கூப்பிட்டான். "அம்மைக்கு இது பரம்பரையா அக்கா?"

அம்மா பிறந்தது 1943-இல். அதற்கு முந்தின வருஷம் பர்மா ஜப்பான்காரன் கையில் போய், திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பாட்டி மரச்சீனிக்கிழங்கைத் தின்றுதான் அம்மாவைச் சுமந்தாள். 1944-45 பனிக்காலத்தில் நெதர்லாந்தில் நடந்ததும் இப்படித்தான். அந்தப் பட்டினியில் கருவானவர்களை அறுபது வயதுவாக்கில் சோதித்து, 2008-இல் எழுதினார்கள்: வளர்ச்சிக்கான ஐ.ஜி.எஃப்-2 மரபணுவில், கூடப் பிறந்தவர்களைவிட அவர்களுக்கு மெத்தில் குறைவு. கருவில் விழுந்த மாற்றம் அறுபது வருஷம் நின்றிருக்கிறது! பாட்டியின் பசியை யார் அளந்தார்கள்?

ஜூலை 13
பெண் குழந்தையின் சினைமுட்டைகள் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். அப்படியானால் நானாக ஆன முட்டையும் அன்று பாட்டியின் வயிற்றில் இருந்தது. கிழங்கு தின்ற அந்த மாதங்களில் நானும் அங்கே இருந்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல?

ஜூலை 14
சொல்லவில்லை. ஆனால் மேலும் வாசித்ததில் மூச்சு வந்தது. முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒருமுறை, கரு தரித்ததும் இன்னொரு முறை, பெரும்பாலான மெத்தில் புள்ளிகள் அழித்து எழுதப்படுகின்றன. பேரப்பிள்ளைவரை அவை போகும் என்பது மனிதர்களில் உறுதியாகவில்லை. விதி என்று யாராவது சொன்னால் இனி சண்டை போடுவேன்.

ஜூலை 15
ஸ்க்ளீரோஸ்டினையே தடுக்கும் ஊசி இருக்கிறது, ரோமோசோசுமாப். அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள். கேட்டேன். போன வருஷக் கடைசியில் அம்மாவுக்கு மாரடைப்பு வந்ததால் வேண்டாம் என்றார் டாக்டர். எலும்பு கரைவதைத் தடுக்க வருஷத்துக்கு ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் டிரிப் போடலாம், முதலில் வைட்டமின் டி சரியாகட்டும் என்றார். சரி.

ஜூலை 16
மகள் கூப்பிட்டாள். ஏழாம் மாதம். பிள்ளையின் எலும்புக்கு ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் வேண்டும், அதில் பெரும்பங்கு இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேரும். மாத்திரை தவறக்கூடாது, கேப்பையும் நெத்தோலியும் சாப்பிடு, வெயிலில் நில் என்று சொல்லிக்கொண்டே போனேன். "ஏன்மா அழுற?" என்றாள்.

ஜூலை 18
வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா அடுக்களைவரை வாக்கரோடு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஸ்க்ளீரோஸ்டினின் அந்த உத்தரவு குறைகிறது என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். "நீ எதுக்குடீ காலையே பாக்க?" என்று திட்டு.

ஜூலை 19
அம்மாவுக்கு வைட்டமின் டி இன்னும் 14-தான். டிரிப் தள்ளிப்போகிறது. எனக்கும் டெக்ஸாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், திங்கட்கிழமை காலை. தம்பியிடம் அம்மாவைப் பற்றி மட்டும் சொன்னேன்.