வகுப்பறைக்கு வெளியே நடக்கும் வேலை

பயிற்சி மற்றும் மேம்பாட்டு மேலாளராக வர விரும்பும் இளையவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, கூட்டத்தின் முன் தயக்கமின்றிப் பேச வரும் என்பதையே தங்களின் முதல் தகுதியாகச் சொல்கிறார்கள். பேச்சுத்திறன் தேவைதான், அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் இப்பணியில் இருந்தபின் எனக்கு உறுதிப்பட்டது இது: வகுப்பு நடத்துவது இந்த வேலையின் சிறு பகுதி மட்டுமே. எந்தக் குறையைப் பயிற்சியால் தீர்க்கலாம், எதைத் தீர்க்க இயலாது என்று முன்கூட்டியே கண்டறிவதிலும், கற்றது பணியிடத்தில் கையாளப்படுகிறதா என்று பின்தொடர்ந்து பார்ப்பதிலும்தான் மேலாளரின் நேரத்தில் பெரும்பகுதி செலவாக வேண்டும்.

ஒரு துறைத் தலைவர் வந்து, "எங்கள் ஆட்களுக்கு வாடிக்கையாளரிடம் பேசத் தெரியவில்லை, இரண்டு நாள் வகுப்பு ஒன்று வைத்துக் கொடுங்கள்" என்று கேட்பார். தேதியைக் குறித்து, அறையை ஏற்பாடு செய்து, வெளியிலிருந்து ஒரு பயிற்றுநரை அழைத்துவிட்டால் எல்லோருக்கும் திருப்தி. அதற்கு முன், குறை சொல்லப்பட்ட ஊழியரின் பக்கத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அரை நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி நான் உட்கார்ந்த ஓர் இடத்தில், அழைத்தவரின் பழைய புகார் ஒரு திரையிலும், அவர் பணம் செலுத்திய விவரம் இன்னொரு திரையிலும், அதற்குரிய விதி ஒரு பழைய எக்செல் கோப்பிலும் இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பதற்குள் "ஒரு நிமிடம் இருங்கள்" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் இருந்தவரின் குரல் ஒவ்வொரு முறையும் சற்று உயர்ந்துகொண்டே போனது. அந்தப் பெண்ணின் பேச்சில் பணிவுக்குக் குறைவே இல்லை. மூன்று விவரங்களும் ஒருசேரத் தெரியும் ஒரே திரை கிடைத்தால் போதும் என்ற நிலையில்தான் அவர் இருந்தார்.

இத்தகைய இடங்களில், பயிற்சித்துறை வல்லுநர்களான ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் முன்வைத்த கேள்வி இன்றும் கைகொடுக்கிறது: உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் இவரால் இந்த வேலையைச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால், குறை அவருடைய அறிவிலோ திறனிலோ இல்லை. கருவியிலோ, நேரத்திலோ, சரியாகச் செய்பவரின் தலையிலேயே மேலும் சுமையை ஏற்றும் நடைமுறையிலோ இருக்கிறது. அதற்கு எத்தனை வகுப்பு வைத்தாலும் பயனில்லை. ஆகவே "இதற்குப் பயிற்சி வேண்டாம்" என்று சொல்லும் துணிவும், அதைக் கேட்பவர் மனம் கோணாமல் சொல்லும் பக்குவமும் இப்பணிக்கு வேண்டும். வெறும் மறுப்போடு திரும்பிச் சென்றால் அடுத்த முறை நம்மிடம் வரவே மாட்டார்கள். நேரில் பார்த்து எடுத்த குறிப்புகளோடு சென்றால், பெரும்பாலும் அவர்களே கணினிப் பிரிவை அழைத்துப் பேசுகிறார்கள்.

பயிற்சிதான் தேவை என்று உறுதியான பிறகு எதை, எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எழுகிறது. இதில் நமக்கு வழிகாட்டும் பழைய அனுபவம் ஏராளமாக இருக்கிறது. முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் புதிய தொழிலாளர்களை விரைவாகப் பழக்க வேண்டிய நெருக்கடி வந்தது. அப்போது சார்லஸ் ஆலன் என்பவர் ஆயத்தப்படுத்துதல், செய்துகாட்டுதல், செய்யவைத்தல், சோதித்துப் பார்த்தல் என்ற நான்கு படிகளைக் கையாண்டார். அந்த வழியைத் தழுவி 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு நடத்திய தொழிலகப் பயிற்சித் திட்டத்தில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றனர். போருக்குப் பின் அது ஜப்பானுக்குச் சென்று டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. "தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால், பயிற்றுநர் கற்பிக்கவில்லை" என்பது அத்திட்டத்தின் முழக்கம். கற்பவரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடுவதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அத்திட்டத்திலிருந்து நான் இன்றும் அப்படியே பயன்படுத்துவது ஒரு தாள். இடப்பக்கத்தில் வேலையின் முக்கியப் படிகள். வலப்பக்கத்தில் ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய நுட்பம். அனுபவம் மிக்க ஊழியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இதை நிரப்ப வேண்டும். பேக்கிங் இயந்திரத்தில் உறைச் சுருளை மாற்றும் வேலையைப் பற்றி ஒருமுறை கேட்டபோது, அந்த ஊழியர் நான்கே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். செய்துகாட்டுமாறு கேட்டேன். மூடியைப் பூட்டுவதற்கு முன் சுருளின் ஓரத்தைக் கட்டைவிரலால் இலேசாக அழுத்திப் பார்த்தார். எதற்கு என்று கேட்டதற்கு, அது தளர்வாக இருந்தால் சிறிது தூரம் ஓடியதும் உறை கோணலாகிவிடும் என்றார். அதுவரை அந்த அழுத்தலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. பல்லாண்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்வதை அவர் தனியாக நினைத்துப் பார்த்ததே இல்லை. புதியவர்களின் கையில் உறைகள் வீணாகிக்கொண்டிருந்ததற்கு அந்த ஒரு நுட்பம் தெரியாததே காரணமாக இருந்தது. இத்தகைய நுட்பங்களை எந்த மேடைப் பயிற்றுநராலும் வெளியிலிருந்து கொண்டுவர இயலாது.

அடுத்து மறதி. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக நினைவிலிருந்து நழுவுகின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். இழப்பின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பொருளுள்ள செய்தி அவ்வளவு விரைவாக மறப்பதில்லை என்றாலும், முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேய்வது அதற்கும் பொருந்தும். ரோடிகர், கார்பிகி ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைத் தாமாக நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். இதை அறிந்த பிறகு, இரண்டு நாள் முழுவதும் ஸ்லைடுகளை ஓட்டிவிட்டு வழியனுப்பிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே பாடத்தை ஒரு வார இடைவெளியில் அரை நாள் வகுப்புகளாகப் பிரிக்கிறேன். ஒவ்வொரு வகுப்பும், சென்ற வாரம் கற்றதைக் குறிப்பேட்டைத் திறக்காமல் எழுதுவதில் தொடங்குகிறது. முதல் முறை பலர் சங்கடப்படுகிறார்கள். மூன்றாம் வாரத்தில் தாங்களே தாளை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில், பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடலாம் என்றார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிட்டியதா. இத்துறையில் இருப்போர் அனைவரும் இதை அறிவார்கள். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் மதிப்பீடு வகுப்பு முடிந்ததும் நிரப்பப்படும் கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் நிலையில்தான் உழைப்பெல்லாம் பலிக்கிறது அல்லது வீணாகிறது, அதை முடிவு செய்பவர் பெரும்பாலும் மேற்பார்வையாளர். பால்ட்வின், ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் 1988-இல், கற்றது வேலைக்குச் சென்றுசேர்வதைக் கற்பவரின் இயல்பு, பயிற்சியின் வடிவமைப்பு, பணிச்சூழல் ஆகிய மூன்றும் தீர்மானிப்பதாக எடுத்துரைத்தார்கள். என் அனுபவத்தில் மூன்றாவதற்கே வலிமை மிகுதி. புதிய முறையை உற்சாகமாகச் செய்ய முனையும் ஊழியரிடம், "அதெல்லாம் வகுப்போடு போகட்டும், இங்கே வழக்கம்போலவே செய்யுங்கள்" என்று மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லாம் அத்துடன் முடிந்துவிடும். அதனால் வகுப்புக்கு முன்பே ஒவ்வொரு மேற்பார்வையாளரையும் நேரில் சந்தித்து, ஊழியர் திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் எந்த வேலையில் இதைச் செய்து பார்க்க அனுமதிப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். வேலை நெருக்கடியால் அதற்கு வாய்ப்பில்லை என்று அவர் சொன்னால், வகுப்பையே தள்ளிவைத்துவிடுகிறேன்.

இப்பணிக்கு வரும் வழிகள் பல. மனிதவளத் துறையிலிருந்தும், ஆசிரியப் பணியிலிருந்தும், உற்பத்தியிலோ விற்பனையிலோ கைதேர்ந்த பிறகும் வருகிறார்கள். எவ்வழியில் வந்தாலும், வருமானம் குறையும் ஆண்டில் முதலில் கைவைக்கப்படும் செலவு பயிற்சிக்கான பட்ஜெட்தான் என்பதை எதிர்கொள்ள நேரும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணி நேரம் நடந்தது என்ற கணக்கு அப்போது எவரையும் அசைக்காது. வீணான உறை எவ்வளவு குறைந்தது, புதியவர் தனியாக வேலை பார்க்க எத்தனை நாள் ஆகிறது என்பதைத் துறைத் தலைவரே எடுத்துச் சொல்லும் நிலை இருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

என் குழுவில் புதிதாகச் சேருபவரை முதல் மாதத்தில் வகுப்பெடுக்க அனுமதிப்பதில்லை. ஏதேனும் ஒரு பிரிவில் அங்கிருப்பவர்களின் வேலை நேரத்திலேயே அவர்களோடு இருந்து, பார்த்ததை எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். மாத இறுதியில் நாங்கள் இருவரும் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, எந்தக் குறைக்குப் பயிற்சி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம்; அவர் நடத்தப்போகும் முதல் வகுப்பின் பாடம் அதிலிருந்துதான் தேர்வாகிறது.