துணிக்கூரைக் காரும் மலைநாட்டு ஈரமும்

நுவரெலியாவில் வாகனம் கழுவும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் சீசன் என்பது கூரை திறக்கும் கார்களின் காலம். மகாகஸ்தோட்ட மலையேற்றக் காரோட்டப் போட்டியைப் பார்க்கவும் கிரகறி வாவிக் கரையில் சில நாட்களைக் கழிக்கவும் கொழும்பிலிருந்து வருபவர்கள், பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கும் தமது ஸ்போர்ட்ஸ் கார்களை இறம்பொடை வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வந்து, சேறும் பூச்சிகளும் ஒட்டிய கோலத்தில் எங்களிடம் விட்டுச் செல்வார்கள். யப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது 1989இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5, சில வேளைகளில் பிஎம்டபிள்யூ இசட்4, அரிதாக ஒரு பழைய எம்ஜி. ஜீப்பையும் வேனையும் கழுவிப் பழகிய கையை இவற்றின் மேல் அப்படியே வைக்க முடியாது.

எங்களுக்கு மூத்தவராக இருந்த அண்ணன், புதிதாக வரும் பையன்களிடம் முதல் நாளே, “தம்பி, மேல தண்ணி ஊத்துறதுக்கு முந்தி கீழ குனிஞ்சு பாரு” என்பார். காரணம் இதுதான்: துணிக்கூரையின் பின்விளிம்பில் வடியும் நீர், இருக்கைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு சிறு வாய்க்காலில் சேர்ந்து, இரு பக்கமும் உள்ள சிறு குழாய்கள் வழியாகப் பின்சக்கரங்களின் அருகே நிலத்தில் விழும்படியே இக்கார்கள் பலவும் வடிவமைக்கப்பட்டுள்ளன. நீர் கொஞ்சம் உள்ளே வரும் என்பதைத் தயாரித்தவர்களே எதிர்பார்த்து, அது வெளியேற வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைபட்டிருந்தால், எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் நீர் கால்களின் கீழுள்ள காப்பெட்டில்தான் போய் நிற்கும். சைப்பிரஸ் மரத்தடியிலோ யூகலிப்டஸ் மரத்தடியிலோ இரண்டு இரவுகள் நின்ற காரில் இலைத்தூள் அந்தக் குழாய்களின் வாயை மூடிவிடுவது இங்கே வழமையான சங்கதி.

ஆகவே முதலில் ஒரு கோப்பை நீரை அந்த வாய்க்காலில் மெதுவாக ஊற்றி, இரு பக்கமும் கீழே சொட்டுகிறதா என்று பார்ப்போம். அடைப்பு இருந்தால் புல்வெட்டும் இயந்திரத்தில் பூட்டும் நைலோன் இழையை முனை மழுக்கி உள்ளே விட்டுத் தளர்த்துவோம். காற்றடிக்கும் கொம்பிரசர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை எடுக்கவே எவருக்கும் மனம் வரும். ஆனால் அந்த அழுத்தத்தில் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால், பிறகு வடியும் நீரெல்லாம் உடலின் உட்புறத்துக்கே போகும், அதைத் திரும்பப் பொருத்த உட்பாகங்களைக் கழற்ற வேண்டியிருக்கும். முதல் தலைமுறை இசட்4இல் நிலைமை இன்னும் மோசம். கூரையை மடிக்கும் ஹைட்ரோலிக் மோட்டார் அந்த வடிகாலின் அடியிலேயே இருப்பதால், அடைப்பு நேர்ந்தால் மோட்டார் மூழ்கிப் பழுதாகிவிடும்.

கழுவும் முறை சொல்வதற்கு எளிது. ஓடும் காரில் மழைநீர் முன்னிருந்து பின்னோக்கிச் செல்வதை மனதில் வைத்தே இறப்பர் விளிம்புகள் அமைக்கப்பட்டிருப்பதால், நாமும் முன்கண்ணாடியிலிருந்து பின்னோக்கி, மேலிருந்து கீழாக, ஹோஸின் மெல்லிய தாரையாலேயே நீரை விடுவோம். பிரஷர் மெஷினைச் சக்கரங்களோடு நிறுத்திவிட வேண்டும். கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பிலும் கூரையின் தையல்களிலும் அதைப் பிடிப்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டு நீரடிப்பதற்குச் சமம். தொடங்கு முன் கண்ணாடிகள் முழுதாக ஏறியிருக்கின்றனவா, கூரையின் கொளுக்கிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்து, கண்ணாடியின் உட்பக்க விளிம்பு நெடுகப் பழைய துவாய்களைச் செருகி வைப்போம். 1955 முதல் 1962 வரை உற்பத்தியான எம்ஜிஏ போன்ற கார் வந்தால் ஹோஸையே எடுப்பதில்லை. அதன் திறந்த வகையில் ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியே கிடையாது, செருகி வைக்கும் பக்கத் திரைகள் மட்டுமே. ஒரு வாளி, நன்றாகப் பிழிந்த துணி, பொறுமை ஆகியவற்றைக் கொண்டு பகுதி பகுதியாகத் துடைத்தெடுப்பதே அதற்கு ஏற்றது.

உண்மையான வேலை உலர்த்துவதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், பிற்பகலானதும் மூடுபனியோ மழையோ வந்து சேரும் ஊரில், காற்று தானாக உலர்த்தித் தரும் என்று நம்பியிருக்க இயலாது. அதனால் இக்கார்களைக் காலையிலேயே எடுத்துக்கொள்வோம். கழுவி முடிந்ததும் பையன்கள் உடனே கதவைத் திறக்கப் போவார்கள். சட்டமில்லாத கண்ணாடி கொண்ட கதவு திறந்த கணமே, விளிம்பில் தேங்கிய நீர் நேராக இருக்கையில் விழும் என்பதால், கூரையோரத்தையும் கண்ணாடியின் மேல்விளிம்பையும் துவாயால் ஒற்றிய பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும். துணியைத் தேய்க்காமல் அழுத்தி ஒற்ற வேண்டும். பக்கக் கண்ணாடிகளின் இடுக்குகளிலும் கூரையின் மடிப்போரங்களிலும் ஊதுகருவியைப் பிடித்து, விளிம்புக்கு எதிராக அல்லாமல் அதிலிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். பழைய ரோட்ஸ்டரின் பிளாஸ்டிக் பின்கண்ணாடியை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் தூசியே அதைக் கீறி மங்கலாக்கிவிடும்.

அடுத்த வேலை சொந்தக்காரரைச் சமாதானப்படுத்துவது. கழுவிய காரைக் கண்டதும் கூரையை இறக்கிக்கொண்டு வாவியைச் சுற்றி வர அவருக்கு ஆசை பிறக்கும். “சேர், இன்னும் கொஞ்ச நேரம் ஹூட்டை மடிக்காதீங்க” என்று சொல்லும்போது, நாங்கள் ஏதோ வேலையை அரைகுறையாக விட்டுவிட்டதுபோல் பார்ப்பார். தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் துணியின் தையல்களுக்குள் ஈரம் நெடுநேரம் தங்கும். அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், நாற்றம் எடுக்கும், மடிப்பில் துணி தேயும். குளிர்ந்த காலையில் விறைத்திருக்கும் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மடிக்கும்போது வெடிக்கவும் கூடும். அதன் ஸிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்க வைத்த பிறகே கூரையை இறக்க வேண்டும்.

கட்டணம் பற்றிய பேச்சு எப்போதும் கடைசியில் வரும். ஜீப்பில் பாதியளவும் இல்லாத காருக்கு ஏன் ஜீப்பைவிடக் கூடுதலாகக் கேட்கிறீர்கள் என்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. இருக்கைக்கு அடியில் காப்பெட்டை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். கை உலர்ந்தே வந்தால், அதற்குத்தான் அந்தக் காசு.