டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்: தன்னையே செதுக்கிக்கொள்ளும் சுவர்

"சுவரில் ஒரு குள்ளரின் உருவம் தலைசிறந்த வேலைப்பாட்டோடு செதுக்கப்பட்டிருக்கிறது. குள்ளர் உழைத்துக்கொண்டிருக்கிறார். 103-ஆம் ஆண்டு வசந்த காலத் தொடக்கத்தில், இதே கோட்டையில் அவர் செதுக்கிய தலைசிறந்த செதுக்கலை இது குறிக்கிறது."

குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் கணினி விளையாட்டான டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில், செதுக்கிய சுவரின் விவரத்தைத் திறந்து பார்த்தால் வரும் வர்ணனையின் சாரம் இப்படி இருக்கும். பக்கத்துச் சுவரைத் திறந்தால், மேலே சொன்ன சுவரை அவர் செதுக்கியதே அங்கே படமாக இருக்கலாம். அதற்கடுத்த சுவரில் இரண்டாவது சுவர். முதல்முறை பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆட்டம் குழம்பிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. குழப்பம் ஒன்றும் இல்லை, ஆட்டம் தன் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது.

கோட்டையில் யாராவது 'தலைசிறந்தது' என்ற தரத்தில் ஒரு பொருளைச் செய்து முடித்தால், அது அந்த உலகத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்வாகப் பதிவாகிவிடும். போர், மரணம், கோட்டைக்குக் கால்கோள் போட்ட நாள் எல்லாம் ஏறும் அதே ஏட்டில்தான் இதுவும் ஏறுகிறது. சிற்பி அடுத்த சுவருக்கு முன்னால் நிற்கும்போது கருப்பொருளை அந்த ஏட்டிலிருந்தும் எடுப்பார். தனக்குப் பிடித்த விலங்கு, செடி, பொருள், கோட்டையின் சின்னம், வெறும் வட்டம் சதுரம் என்றும் செதுக்குவார். புதுக் கோட்டைக்குச் சொல்லிக்கொள்ள வரலாறு ஏது? ஏழு பேர் வந்து இறங்கியதும் இரண்டொரு சாவும்தான். அந்த நேரத்தில் கைதேர்ந்த சிற்பி ஒருவர் மூன்று நான்கு தலைசிறந்த சுவர்களை முடித்துவிட்டால், கோட்டையின் சரித்திரத்தில் பாதி அந்தச் சுவர்களாகவே ஆகிவிடும். சமையல்காரர் ஆக்கிய தலைசிறந்த சாப்பாடும் இதே ஏட்டில்தான் ஏறுகிறது.

இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. இராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் நுழைந்து பாருங்கள். அந்த அரண்மனையில் வீற்றிருந்து ஆண்ட சேதுபதியே அதன் சுவர் ஓவியங்களில் கொலுவிருக்கிறார், போருக்குப் போகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார். இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைக் கட்டிய முத்துராமலிங்க சேதுபதி, தன் அமைச்சர்கள் இருவரோடு அதே பிரகாரத்தின் வாயிலில் சிலையாக நிற்கிறார். கட்டியவர் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார். ஆட்டத்தின் குள்ளர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், செதுக்கும் செயலையே செதுக்குகிறார்கள்.

இப்படி ஒரு சுவர் வரிசையை வேண்டுமென்றே உருவாக்க முடியும்.

முதலில் இடம். நம் பக்கத்து ஆட்கள் கடலோரமாகப் பார்த்து இறங்கும் பழக்கம் உள்ளவர்கள். தவறில்லை. ஆனால் மேலடுக்கு மணலாகவோ களிமண்ணாகவோ இருந்தால் அங்கே மெருகும் ஏறாது, செதுக்கலும் வராது. கீழே பாறை தட்டுப்படும் வரை இறங்குங்கள். வழியில் நிலத்தடி நீரடுக்கு குறுக்கிட்டால், அது இல்லாத பக்கமாகப் படிக்கட்டை ஒதுக்கிக்கொள்வது மேல்.

பாறையில் ஒரு சின்ன அறை வெட்டினால் போதும். ஐந்துக்கு ஐந்து கட்டம் என்றால் தரை 25, சுற்றுச் சுவர் 20, மூலைகள் 4. கதவுக்கு ஒன்று போக மீதி எல்லாம் உங்கள் ஏடு. வேலை இரண்டு படியாக நடக்கும். முதலில் மழமழப்பாக்கும் உத்தரவு, அது முடிந்த பிறகு செதுக்கும் உத்தரவு. கரடுமுரடான பாறையில் நேரடியாகச் செதுக்கச் சொன்னால் ஆட்டம் ஏற்காது. புதிதாக விளையாடுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது ஆள். வேலைப் பட்டியலில் செதுக்கும் வேலையை ஒரே ஒருவருக்கு மட்டும் ஒதுக்குங்கள். எல்லாருக்கும் திறந்துவிட்டால் சும்மா நிற்கும் மீன்காரர் வந்து உங்கள் நடுச்சுவரில் கோணல்மாணலாக எதையாவது செதுக்கிவைப்பார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, ஆளுடைய விருப்பங்களைப் படித்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. ஒரு கல்லையும் ஒரு பூச்சியையும் விரும்புகிறார் என்று இருந்தால், அந்தப் பூச்சி உங்கள் சுவர்களில் அடிக்கடி தலைகாட்டும் என்று எதிர்பார்க்கலாம்.

தேர்ந்தெடுத்தவரை உடனே அந்த அறைக்குள் விடாதீர்கள். கிடங்கு, பின்வழி, குப்பை போடும் மூலை என்று யாரும் பார்க்காத இடங்களைச் செதுக்கச் சொல்லிக் கையைத் தேற்றுங்கள். சாதாரணத் தரத்துக்கு மேல் ஐந்து படிகள் இருக்கின்றன. உச்சப் படியான தலைசிறந்தது மதிப்பை 12 மடங்காக்கும், அதற்கு ஒரு படி கீழே இருப்பது 5 மடங்குதான். நம் கணக்குக்கு அந்த மதிப்பைவிட, ஏட்டில் தனி நிகழ்வாக ஏறுவதுதான் முக்கியம். கை தேறாதவர் நூறு சுவர் செதுக்கினாலும், ஒரு சுவர் இன்னொரு சுவரைக் காட்டும் சங்கிலி தொடங்காது.

கை தேறிய பிறகும் மொத்த அறைக்கும் ஒரே மூச்சில் உத்தரவு போட வேண்டாம். ஒரு கட்டம், அது முடிந்ததும் அடுத்தது என்று வரிசையாகக் கொடுங்கள். வர்ணனையின் கடைசி வாக்கியத்தில் காலமும் செய்தவர் பெயரும் வருவதால், எது எதைக் குறிக்கிறது என்று பின்னாலிருந்து முன்னால் தேடிப் போகலாம். முதல் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்களுக்கு "ஒரு குள்ளர் உழைக்கிறார்" என்பதோடு எல்லாம் முடிந்துவிடும். சுவை முழுக்கக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

சிலைக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கல் பட்டறையில் சிலைக்கான வேலையைக் கொடுத்து, அதன் விவரத்தில் எந்த உருவம் வேண்டும் என்று நீங்களே குறிக்கலாம். சிற்பியின் உருவத்தையே செய்யச் சொல்லி அறை நடுவில் நிறுத்தலாம். ஆனால் தானாக வரும் சங்கிலியில் இருக்கும் உயிர் இதில் இருக்காது.

எல்லாம் கெடுவது பெரும்பாலும் விரிவாக்கத்தில். இரண்டு ஆண்டு கழித்து அறை போதவில்லை என்று சுவரை வெட்டுவீர்கள், அல்லது மேல்தளத்தில் பள்ளம் தோண்டுவீர்கள். செதுக்கிய சுவரில் அம்பு எய்யும் துளை போட்டாலும், தரையில் வண்டித் தடம் வெட்டினாலும் செதுக்கல் போய்விடும். தலைசிறந்த செதுக்கல் அழிந்தால் சிற்பியின் மனம் உடையும். ஒரே நாளில் நாலைந்து போனால் அவர் நிலைகுலைந்து போகக்கூடும். அழிந்ததும் வரலாற்றில் தனி நிகழ்வாகவே பதிவாகிறது.

தன்னையே காட்டும் கலைப்பொருளில் பேர் பெற்றது 'பிளேன்பேக்ட்' என்ற சுண்ணாம்புக்கல் சிலை. ஆட்டத்தின் பழைய பதிப்பில் இருந்த ஒரு வழுவால் (நிரல் பிழையால்), ஆவேசம் பிடித்த குள்ளர் ஒருவர் அளவுக்கு மீறிப் பொருட்களைக் குவித்துச் செய்தது. அந்தச் சிலையின் உருவமே அந்தச் சிலை மேல் 70 முறைக்கும் மேல் இருந்தது. அந்த வழுவை இன்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த பதிப்பிலும் சரி, இலவசமாகக் கிடைக்கும் கிளாசிக் பதிப்பிலும் சரி, சுவர் வேலை மேலே சொன்னபடிதான் நடக்கிறது.

அறையை வெட்டும்போதே நான்கு பக்கமும் மூன்று கட்டம் பாறையைத் தொடாமல் விட்டுவையுங்கள். மேலே ஒரு தளத்தையும் அப்படியே விடுங்கள். பின்னால் எந்தப் பக்கம் கோட்டையை நீட்டினாலும் இந்தச் சுவர்கள் மேல் உளி படாது.