கொல்லைக்கு வழி கேட்டுப் பதினாலு மாதம்

ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. அப்பா இறந்த பிறகு என் பங்காக வந்தது. ஆடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைப்போம். தார் ரோட்டிலிருந்து அங்கே போக வேண்டுமானால் மாமா நிலத்தின் மேற்கு ஓரமாகத்தான் போக முடியும். மாமா என்றால் சொந்தம் இல்லை, ஊர் முறை. அந்த ஓரத்தில் மாட்டு வண்டி போன தடம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் காய் பிடிக்கிற சமயத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் கல் நட்டு, முள்கம்பி இழுத்து, பாதை அடைபட்டிருந்தது. வரப்பில் நடந்து போகலாம், ஆனால் டிராக்டர் போகாது. அந்த வருஷம் அறுவடையான காயை எல்லாம் 40 கிலோ மூட்டையாகத் தலைச்சுமையில்தான் ரோட்டுக்குக் கொண்டு வந்தோம். அதைவிடக் கஷ்டம் ராக்காவல். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நாமாக அதைக் கொல்லவும் முடியாது. டார்ச்சும் தகர டப்பாவுமாகப் பரணில் உட்கார்ந்து விரட்ட வேண்டியதுதான். இருட்டில் பாம்புக்குப் பயந்து வரப்பு வழியே போய்வருவது எப்படி இருக்கும் என்று காவல் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கோபத்தில் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினேன். அவர் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, விரித்துக் காட்டினார். அதில் பாதையே இல்லை. புறம்போக்குப் பாதையாக இருந்தால் தாசில்தார் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லலாம். இது முழுக்க மாமாவின் பட்டா நிலம், சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். சத்துவாச்சாரி கோர்ட்டில் தெரிந்த ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்னதில் மூன்று விஷயங்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு போய்வந்திருந்தால் அந்த வழி நமக்கு உரிமையாகும். அனுமதி கேட்டுக்கொண்டு போன காலம் இந்தக் கணக்கில் வராது. பாதையை அடைத்த பிறகு இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் இந்த வாதம் நிற்காது. கடைசியாக ஒன்று கேட்டார்: "ரெண்டு நிலமும் முன்னாடி ஒரே கையில இருந்துச்சான்னு பாத்தியாம்மா?"

நான் பார்த்திருக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய பத்திரத்தின் நகல் வாங்கினேன். 1978-இல், வடார்க்காடு மாவட்டமாக இருந்தபோது, என் தாத்தாதான் ரோட்டோரத்து நிலத்தை மாமாவின் அப்பாவுக்கு விற்றிருக்கிறார். சொத்து விவரத்தில், பின்னால் உள்ள தன் கொல்லைக்கு மேற்கு ஓரமாகப் போய்வரும் 'மாமூல் வழிநடை, வண்டிப்பாட்டை பாத்தியம் நீங்கலாக' என்று ஒரு வரி. அதாவது, வழக்கம்போல நடந்தும் வண்டியிலும் போய்வரும் உரிமையைத் தாத்தா விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார். படித்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அகலம் எத்தனை அடி, நீளம் எத்தனை அடி, எதற்கெல்லாம் அந்த வழி என்று எதுவும் இல்லை.

அந்த நகலோடு நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். பத்திரத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "ஏன் மாமா அடைச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொட்டகையைக் காட்டினார். "அந்த மூணாவது கட்டுத்தறி காலியா இருக்கு பாரு பாப்பா." ராத்திரியில் அந்தப் பாதை வழியாக யாரோ வேட்டைக்கு வந்து, பன்றிக்கு அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேயப் போன அவருடைய சினைப்பசு அதைக் கடித்துத் தாடை சிதறி, மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் செத்திருக்கிறது. பாதை திறந்து கிடந்தால் முயலுக்கு வலை, பன்றிக்குச் சுருக்குக் கம்பி என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், நாளைக்கு வனத்துறை வந்தால் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள் என்பது அவர் பயம். ஒரு வருஷமாக எனக்கு இது தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் பேச்சு சுலபமானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு மாதிரி ஆனது. நான் 12 அடி கேட்டேன், மாமா 8 அடி என்றார். வாய்ப்பேச்சில் தீராது என்று டிராக்டரை டிரெய்லரோடு வாடகைக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தோம். நேர் தடத்துக்கு 10 அடி தாராளம். கிணற்று மூலையில் திரும்பும்போது டிரெய்லர் சக்கரம் வெளியே போனது, அங்கே மட்டும் 14 அடி. மொத்தம் 210 அடி நீளம், ஐந்து சென்ட்டை ஒட்டி வந்தது. சென்னையில் இருக்கும் அவர் மகன், விவசாயத்துக்கு மட்டும், மனை போட்டு விற்றால் இந்த வழி கிடையாது என்று எழுதச் சொன்னார். அது நியாயமான பயம், ஒப்புக்கொண்டேன். பதிலுக்குத் தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் கொண்டுபோகும் உரிமையை நான் விடாமல் கேட்டு வாங்கினேன். நடக்க, வண்டி ஓட்ட உரிமை இருந்தால் குழாய் போடவும் உரிமை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

வழிக்குப் பணம் வாங்க மாமா சம்மதிக்கவில்லை, நிலத்தை விற்ற மாதிரி ஆகிவிடும் என்றார். வெட்ட வேண்டியிருந்த இரண்டு தென்னைக்கு விலை, வேலியைத் தள்ளிப் போடும் செலவு, ரோட்டோரத்தில் இரும்பு கேட் மூன்றும் என்னுடையது. கேட்டுக்கு இரண்டு சாவி, ஆளுக்கு ஒன்று. வலை, நாய், கண்ணி, வெடி எதுவும் இந்த வழியாகப் போகக் கூடாது, என் ஆள் யாராவது கொண்டுபோனால் பொறுப்பு என்னுடையது என்று அவர் சொன்னபடியே எழுதினோம். அந்த வரியில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றச் சொல்லவில்லை.

ஊரில் சிலர் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிலத்தின் மேல் நிரந்தர உரிமை தரும் ஆவணத்தை 1908 பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த உரிமைக்குக் கோர்ட்டில் அது சாட்சியாக நிற்காது. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், நாளைக்கு அந்த நிலத்தை யார் வாங்கினாலும் வழி இருப்பது தெரிந்தே வாங்குவார்கள். வெறும் அனுமதி என்று எழுதினால் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று வக்கீல் எச்சரித்ததால், 'வாரிசுகளையும் பின்னால் வாங்குவோரையும் கட்டுப்படுத்தும்' என்ற வாசகத்தையும் சேர்த்தோம்.

பதிவுக்கு நாள் குறித்த பிறகுதான் பட்டா கூட்டுப் பட்டா என்பதைக் கவனித்தேன். ஆம்பூரில் கட்டிக்கொடுத்த மாமாவின் தங்கை பெயரும் அதில் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் செய்தால் அவர் பங்குக்கு அது செல்லாது. அண்ணனுக்கும் தங்கைக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. நானே ஆம்பூர் போய்ப் பசு செத்த கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்துத் தை மாதத்தில் அவரே பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார், அன்றைக்கு மதியம் அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டார்.

சர்வேயர் அளந்து நட்ட கற்களுக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். பத்திரத்தோடு வரைபடமும் இணைத்திருக்கிறது. இந்த ஆடியில் டிராக்டர் நேராகக் கொல்லைக்குள் வந்து உழுதது. காவலுக்குப் போகும் ராத்திரிகளில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் மாமா திண்ணையிலிருந்து "யாரு?" என்பார். "நான்தான் மாமா" என்று குரல் கொடுத்துவிட்டு, உள்ளே போய் மறுபடியும் பூட்டிக்கொள்வேன்.