சிப்ஸ் பெட்டியில் என்ன எழுதியிருந்தது?

ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் புள்ளி எண்ண விட்டார்கள். 37 டிகிரியில் இரண்டு நாள் கிடந்த பெட்ரி தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதில் முளைத்திருக்கும் பாக்டீரியா காலனிகளை ஒவ்வொன்றாக மார்க்கரால் குத்திக்கொண்டே எண்ண வேண்டும். நூற்று முப்பதைத் தாண்டும்போது யாராவது வந்து டீ குடிக்கக் கூப்பிடுவார்கள், கணக்கு போய்விடும், மறுபடியும் ஒன்றிலிருந்து.

அதற்குப் பெயர் ஏம்ஸ் டெஸ்ட், ஒரு ரசாயனம் டிஎன்ஏவைக் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனை. அந்த ஏம்ஸ் யார் என்று அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை. 2024 அக்டோபரில் தன் 95-ஆவது வயதில் புரூஸ் ஏம்ஸ் இறந்த செய்தியைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

நியூயார்க்கில் பிறந்தவர். ஆரம்பத்தில் அவருக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. சால்மொனெல்லா பாக்டீரியா ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை எப்படித் தயாரிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1964-இல் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பெட்டியில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தபோதுதான், இதெல்லாம் டிஎன்ஏவைக் கெடுக்குமா என்று யாராவது பார்த்தார்களா என்ற கேள்வி வந்ததாம். அவரிடம் ஏற்கெனவே மரபணு பழுதாகி ஹிஸ்டிடின் தயாரிக்க முடியாமல் போன பாக்டீரியா இருந்தது. போதுமான ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அது வளராது. சந்தேகப்படும் ரசாயனத்தைச் சேர்த்தால், பழுதான இடத்திலேயே இன்னொரு மாற்றம் நடந்து தற்செயலாகச் சரியாகிவிடும் பாக்டீரியா மட்டும் பிழைத்துக் காலனியாகும். காலனி ஏகத்துக்கும் பெருகினால் அந்த ரசாயனம் டிஎன்ஏவில் கைவைக்கிறது என்று அர்த்தம். டிஎன்ஏ கெட்டால் புற்றுநோய் வரலாம் என்பதுதான் பயம்.

இதில் ஒரு சிக்கல். பல ரசாயனங்கள் உடம்புக்குள் போகும்வரை சாதுவாக இருக்கும். அவற்றை வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் மாற்றும்போதுதான் ஆபத்தாகும். பாக்டீரியாவுக்குக் கல்லீரலுக்கு எங்கே போவது? எலியின் கல்லீரலை அரைத்துச் சுழற்றி, மேலே தெளியும் சாற்றையும் தட்டில் சேர்த்தார். அதற்கு எஸ்9 என்று பெயர். ஐஸில் வைத்துத்தான் உருக்க வேண்டும், நான் ஒரு தடவை மறந்து மேஜையிலேயே விட்டு ஒரு நாள் வேலையைப் பாழாக்கியிருக்கிறேன். 1973-இல் இந்த முறை வெளியானது. எலிகளுக்குப் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க இரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கும் சோதனைக்கு எதை அனுப்பலாம் என்று இரண்டே நாளில் ஒரு குறிப்பு கிடைத்தது.

அப்புறம் அவர் கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்த மாதிரிதான் தெரிகிறது. 1975-இல் அவருடைய குழு 169 ஹேர் டைகளைப் பார்த்தது. அவற்றில் 150 டைகள் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றின. 1977-இல் வேதியியலாளர் ஆர்லீன் ப்ளமும் அவரும், குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ட்ரிஸ் என்ற ரசாயனத்தைப் பற்றி எழுதினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. சுற்றுச்சூழல்காரர்களுக்கு அவர் ஹீரோ.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான். விலங்குச் சோதனை முடிவுகளைச் சக ஆராய்ச்சியாளர் லோயிஸ் கோல்டுடன் உட்கார்ந்து தொகுத்தபோது, செயற்கையோ இயற்கையோ, மிக அதிக அளவில் கொடுத்தால் ஏறக்குறைய பாதி ரசாயனங்கள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கின. 1990-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்கர்கள் சாப்பிடும் பூச்சிக்கொல்லியில் எடைக்கணக்கில் 99.99 சதவீதம் செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களே தயாரிப்பதுதான் என்று எழுதினார். பழைய நண்பர்கள் கொதித்தார்கள், ரசாயனக் கம்பெனிகள் கொண்டாடின. கம்பெனிகளுக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது என்பதை மறுக்க முடியாது. தோட்டத்தில் மருந்தடிக்கிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது என்பது என் கட்சி. ஆனாலும் தன் பெயரிலேயே ஓடும் ஒரு டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால் மட்டும் பயந்துவிடாதே, அளவைப் பார் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

போன வாரம் அம்மா தலைக்கு டை கலக்கிக்கொண்டிருந்தபோது, அதெல்லாம் அந்தக் காலத்து டை, இப்போது நிறைய மாற்றிவிட்டார்கள் என்ற முன்னுரையோடு, 169-இல் 150 கதையைச் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே கேட்டார்: "அப்போ மிச்சம் பத்தொன்பது எந்த பிராண்ட்?"